கிளியர் அடிக்காத முகம்

எங்கள் ஊரான எஸ்பானியோலாவில் மீசை இல்லாத ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். ஒருவர் பங்குச்சாமியார், இன்னொருவன் அடெல்மோ ஹராமில்யோ. சாமியாருக்கு என்ன காரணமோ எனக்குத் தெரியாது. அடெல்மோவுக்குக் காரணம் கிளியர். கார் பெயின்டுக்கு மேல் கடைசியாக அடிக்கிற, கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு. அதன் புகை நுரையீரலுக்கு எமன். முகமூடி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் நாலு முடி இருந்தால்கூடப் புகை வழி கண்டுபிடித்துவிடும். அதனால் மீசையை அவன் வளர விட்டதே இல்லை. தாடியை மட்டும் கிளியர் அடிக்கிற நாளில் விடியற்காலையில் மழமழவென்று மழித்துவிட்டு வருவான். அவன் கன்னத்தைப் பார்த்தே, இன்றைக்கு உள்ளே ஒரு முகம் மூடப்படப் போகிறது என்று தெரிந்துகொள்வேன்.

நான் கோரினா. அவன் கடைக்கும் என் கடைக்கும் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் நான் கார் சீட்டுகளுக்கு வெல்வெட் தைக்கிறேன். அந்தப் பக்கம் அவன் கார்களின் மேல், பெயின்டைக் காற்றோடு தூவுகிற ஏர்பிரஷ்ஷால் முகங்களை வரைகிறான். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும், நானும் மறுப்பதில்லை. அவனுக்கு வாய் இருக்கிறதா என்பதே பலருக்குச் சந்தேகம். கல்லுளிமங்கன். காலையில் "என்ன அடெல்மோ, குளிர் எப்படி?" என்று கேட்டால் மத்தியானம் பதில் வரும்.

இளவயதில் ஒரு அடிதடி வழக்கில் சிறைக்குப் போனவன். வரையப் படித்தது அங்கேதான். உடன் இருந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் போட்டோவைக் கொடுப்பார்கள். இவன் அதைப் பார்த்துக் கைக்குட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து கொடுப்பான். அவர்கள் அதை வீட்டுக்கு அனுப்புவார்கள். கூலி காப்பித்தூள், நூடுல்ஸ் பொட்டலம். துணியில் பேனா பட்டால் பட்டதுதான், அழிக்க வழியில்லை. ஒரு கோடு தப்பினால் ஒருவனின் மனைவிக்கு மூக்கு கோணிவிடும், அப்புறம் அவனோடு ஒரே கொட்டடியில் தூங்க வேண்டும். வெளியே வந்து ஏர்பிரஷ்ஷைப் பிடித்த புதிதில் ஒருநாள் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டான். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடினேன்.

"கோரினா, இதுல தப்பு பண்ணலாம்" என்றான், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.

விஷயம் இதுதான். ஒரு கட்டம் வரைந்து முடித்ததும் அதன் மேல் மெல்லிசாக ஒரு கிளியர் அடித்துவிட்டால் அது வரைக்கும் பத்திரம். அடுத்த கட்டத்தில் கை தவறினாலும் மேலே வரைந்ததை மட்டும் துடைத்து எடுத்துவிடலாம். கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. இந்த இடைக் கிளியருக்கு அவன் வைத்த பெயர் "பூட்டு". கடைசியில் கனமாக, வெயில் மழை எல்லாவற்றையும் தாங்குகிற மாதிரி அடிப்பதுதான் நிஜக் கிளியர். அது ஏறிவிட்டால் அப்புறம் அந்த முகம் அப்படியேதான்.

எப்போது அடிப்பது என்பதில்தான் அவன் உயிரே இருந்தது. அவசரப்பட்டால் கீழே இருக்கிற ஈரம் மாட்டிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தாமதித்தால் பிடிப்பு இருக்காது, அடுத்த கோடையில் தோல் உரிவது மாதிரி உரிந்து வரும். வரைந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது, விரல் பதிந்துவிடும். அதனால் பெயின்ட் வெளியே படாமலிருக்க ஓரத்தில் ஒட்டியிருக்கிற மாஸ்கிங் டேப்பைத்தான் தொடுவான். விரலை எடுக்கும்போது நூல் மாதிரி இழுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒட்டியும் நூல் வரவில்லை என்றால் அதுதான் நேரம். அப்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்.

உயிரோடு இருப்பவர்களை அவன் வரைவதில்லை. மாதா வரைவான், சிலுவையில் தொங்குகிற இயேசுவை வரைவான், செத்துப்போனவர்களை வரைவான். உயிருள்ள மனுஷர் மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு மாப்பிள்ளைப் பையனுக்காக அவன் கட்டிக்கப்போகிற பெண்ணை பானெட் முழுக்க வரைந்து கொடுத்தான். கல்யாணப் பலகாரம் தீர்வதற்குள் அவள் வேறொருத்தனோடு போய்விட்டாள். மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "எடுத்துரு" என்றான். நிஜக் கிளியர் ஏறியாகிவிட்டதே! தண்ணீர் ஊற்றி, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டு, அடுக்கடுக்காகத் தேய்த்துத்தான் அவளை எடுத்தான் அடெல்மோ. முதலில் புன்னகை போயிற்று, அப்புறம் கண்.

"உசுரோட இருக்கறவங்க மாறுவாங்க" என்றான் அன்றைக்கு. "கிளியருக்கு அது ஆகாது."

அதற்குப் பிறகு, அடெல்மோ கடையிலிருந்து பளபளப்போடு வெளியே போகிற முகம் என்றால் அது இறந்தவர் முகம் என்று எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். பெரிய வெள்ளியன்று தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்த்திக் கட்டிய கார்கள் வரிசையாக ஊர்ந்து வரும்போது, டிக்கி மூடியில் அந்த முகங்களைப் பார்க்கிற கிழவிகள் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்லாமல் ஃபெர்மின் கதையைச் சொல்ல முடியாது.

ஃபெர்மின் ஆர்ச்சுலெட்டாவும் அவன் மகன் லியாண்ட்ரோவும் சேர்ந்து ஒரு பழைய மான்ட்டி கார்லோ காரைக் கட்டி எழுப்பினார்கள். பச்சை என்றால் அப்படியொரு பச்சை, வெயிலில் பார்த்தால் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி. சீட்டு நான்தான் தைத்தேன். லியாண்ட்ரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டு என் உயிரை வாங்குவான். நல்ல பையன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு டென்வரில் ஒரு வேலை கிடைத்தது. அப்பனுக்குப் பிடிக்கவில்லை. "போறதுன்னா போ, இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காத" என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் பையன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். பனி உருகி ரியோ கிராந்தே கரைபுரண்டு ஓடிய சமயம். சாயங்காலம் அவன் வண்டி கரையில் நின்றது. தூண்டில் பெட்டி பாறைமேல் இருந்தது. அவன் மட்டும் இல்லை.

தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஷெரீஃப் சொல்லிவிட்டார். ஊரும் அதையே சொன்னது. அவன் அம்மா செனைடா மட்டும் சொல்லவில்லை.

"கோவிச்சுக்கிட்டு டென்வருக்குப் போயிருக்கான்" என்றாள். "ரோட்டுல யாராவது வண்டில ஏறியிருப்பான். அவங்கப்பன் மாதிரியே ரோஷக்காரன். வருவான்."

பூசையில் இறந்தவர் பட்டியலில் பையன் பேரைச் சொல்லட்டுமா என்று பங்குச்சாமியார் கேட்டதற்கு, அவள் எழுந்து கோயிலைவிட்டே வெளியே போய்விட்டாள்.

அடுத்த தவக்காலத்தில் ஃபெர்மின் மான்ட்டி கார்லோவின் டிக்கி மூடியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அடெல்மோவிடம் வந்தான். கையில் பள்ளிக்கூடப் போட்டோ.

அடெல்மோ போட்டோவை வாங்கவில்லை. "செத்துட்டானா?" என்றான்.

"செத்துட்டான்."

"செனைடா என்ன சொல்றா?"

"நான் அப்பன் சொல்றேன், பத்தாதா?"

அடெல்மோ வரைந்தான். நான் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. சிரிக்கப் போகிறவன் சிரிப்பை அடக்கிக்கொள்வது மாதிரி வாயோரத்தில் ஒரு சுளிப்பு. அது போட்டோவில்கூட இல்லை. அவன் என் கடையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது அப்படித்தான் இருப்பான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்துபோகிற நேரத்தில் இந்தக் கல்லுளிமங்கன் அதைப் பார்த்து வைத்திருக்கிறான்.

கிளியர் அடிக்கிற அன்று காலை அடெல்மோ மழித்த கன்னத்தோடு வந்தான். எங்கள் ஊரில் வசந்தகாலக் காற்று மத்தியானத்துக்குள் புழுதியைக் கிளப்பிவிடும் என்பதால் அவன் விடிந்ததும் முடித்துவிடுவான். தரைக்குத் தண்ணீர் தெளித்து, ஜன்னலைச் சாத்தி, டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது செனைடா உள்ளே வந்தாள். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாமல் அந்தக் காரியம் நடக்கக்கூடாது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று பயந்தோம். கத்தவில்லை.

"நல்லா வரைஞ்சிருக்கண்ணே" என்றாள். "ஆனா கிளியர் அடிக்காத."

"செனைடா, அடிக்கலேன்னா இது தங்காதும்மா. ஒரு வெயிலுக்குத் தாங்காது."

"உன் கடையிலேருந்து கிளியரோட போன மூஞ்சி எல்லாம் கல்லறையில கெடக்கு. என் புள்ள டென்வர்ல இருக்கான். நீ அடிச்சன்னா, நீதான் அவனைக் கொன்னன்னு நெனச்சுக்குவேன்."

டேப்பிலிருந்து நூல் இழுப்பது நின்றிருக்கும். நேரம் அதுதான். அடெல்மோ அவளைப் பார்த்தான், துப்பாக்கி மாதிரி கையில் பிடித்திருந்த ஸ்பிரே கன்னைப் பார்த்தான். பிறகு நிஜக் கிளியரை மூடி வைத்துவிட்டுப் பூட்டுக் கிளியரைக் கலக்கினான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாகவே அடித்தான். காய்ந்ததும் கம்பளியைப் போர்த்தி மூடியைச் சுவரோரம் நிறுத்திவிட்டான்.

ஃபெர்மின் அந்தப் பெரிய வெள்ளிக்கு வேறு ஒரு மூடியை மாட்டிக்கொண்டு வந்தான். பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற வெறும் சாம்பல்நிறப் பிரைமர். உள்ளே விளக்கெரிகிற பச்சைக் காருக்குப் பின்னால் சாம்பல் மூடி. பார்த்தவர்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம்.

அடுத்த வருஷம் தவக்காலத்தில் செனைடா தானாக வந்தாள். கம்பளியை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, இப்ப அவனுக்கு மீசை வந்திருக்கும்ல?"

அடெல்மோ திரும்பி என்னைப் பார்த்தான். கைத்தையலோடு அங்கே உட்கார்ந்திருந்த நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவன் மேல்பரப்பை லேசாகத் தேய்த்து, உதட்டுக்கு மேலே மெல்லிசாக ஒரு நிழல் வரைந்தான். "அவங்க மாமா மாதிரி ஓரத்துல கொஞ்சம் தொங்கும்" என்றாள் அவள். அப்படியே செய்தான். மேலே ஒரு பூட்டு.

அது இன்னும் ஈரமாக இருந்தபோது ஒரு காரியம் நடந்துவிட்டது. செனைடா சிமாயோ கோயிலுக்கு நடந்து போய், அங்கே குழியிலிருந்து எடுக்கிற புனித மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராக வந்திருந்தாள். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆசீர்வாதம். யாரும் தடுப்பதற்குள் கட்டைவிரலால் மண்ணைத் தொட்டு மகன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள்.

ஈரக் கிளியரில் மண்! வேறு யாராக இருந்தாலும் அடெல்மோ வெளியே தள்ளியிருப்பான். அவள் போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு காற்றை ஊதினான், காய்ந்ததும் துணியால் துடைத்தான். விரல் தடம் மறைந்துவிட்டது, முக்கால்வாசி மண் போயிற்று. ஓரிரண்டு துகள் உள்ளே புதைந்துவிட்டது.

"தேய்ச்சு எடுத்துடேன்" என்றேன்.

"புனித மண்ணு கோரினா. அதுல வாட்டர் பேப்பர் போட எனக்குக் கை வரல."

சிறைக்குப் போய்வந்தவன், கோயிலுக்கு வருஷத்துக்கு ஒருதரம் போகிறவன், அவனுக்குக் கை வரவில்லை. அதன் மேலேயே இன்னொரு பூட்டு அடித்து மூடிவிட்டான். எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

அப்புறம் வருஷா வருஷம் இதுவே வழக்கமாயிற்று. தவக்காலம் வந்தால் செனைடா வருவாள், ஒரு கிண்ணத்தில் ரொட்டிப் புட்டிங்கோடு. டென்வர் குளிருக்குத் தாடி விட்டிருப்பான் என்பாள். தாடி வரும். தாடை கொஞ்சம் அகன்றிருக்கும் என்பாள். அகலும். ராத்திரி வேலை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும் என்பாள். அதற்கு மட்டும் அடெல்மோ தயங்கினான். "பெத்தவ சொல்றேன்" என்றாள், வரைந்தான். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பூட்டு.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நீ பண்றது அவளுக்கு நல்லதா அடெல்மோ? இல்லாதவனுக்கு வயசு ஏத்திக்கிட்டிருக்க."

"தெரியல" என்றான். ஏர்பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "வந்து பார்க்கறதுக்கு அவளுக்கு வேற எடம் இல்ல. கல்லறையும் இல்ல" என்றான்.

ஃபெர்மின் ஒருதரம் குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டான். மூடியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். அடெல்மோ குறுக்கே நின்றான்.

"அவன் உசுரோட இருக்கான்னு அவ சொல்றா" என்று கத்தினான் ஃபெர்மின். "இருந்தா இத்தனை வருஷத்துல பெத்தவளுக்கு ஒரு போன் பண்ண மாட்டானா? நான் வையலாம், அவ என்ன பண்ணினா? அவன் உசுரோட இருந்தா அவன் கல்நெஞ்சக்காரன். செத்துட்டான்னு வெச்சுக்கிட்டாத்தான்யா அவன் எம்புள்ள, நல்ல புள்ள! அதைக்கூட வெச்சுக்க விடமாட்டேங்கறா."

அவன் போன பிறகு நான் மெஷினை மிதிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், மிளகாய்க் குழம்பைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் தவக்காலம் முடிகிற வாரத்தில் அடெல்மோ சுவரைத் தட்டினான். போனேன். மூடியின் ஓரத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"கனம் ஏறிப்போச்சு" என்றான். "இத்தனை பூட்டு ஒண்ணுமேல ஒண்ணு தாங்காது. இன்னொண்ணு ஏத்தினா வெடிக்கும். வெடிச்சா மேல மட்டும் நிக்காது. அடியில இருக்கற மொத மூஞ்சி வரைக்கும் போயிரும்."

"இப்படியே விட்டுட்டா?"

"அப்பவும் வெடிக்கும். கொஞ்சம் மெதுவா."

செனைடாவைக் கூட்டிவரச் சொன்னான். நான் செனைடாவிடம் சொன்ன கையோடு ஃபெர்மினிடமும் சொன்னேன். அதை அடெல்மோ சொல்லவில்லை, நானாகச் செய்தது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் வந்தார்கள். ஒன்றாக வரவில்லை, பத்தடி இடைவெளி விட்டு வந்தார்கள். அடெல்மோ கன்னம் மழித்திருந்தான். விரிசலைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. முடிவு அவளுடையது.

செனைடா கம்பளியை முழுக்க இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தாள். தாடியும் தடித்த தாடையும் கறுத்த கண்ணுமாக ஒரு ஆள் அவளைப் பார்த்தான். ஃபெர்மின் வாசல் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

"யாருண்ணே இது?" என்றாள் கடைசியில்.

அடெல்மோ விழித்தான்.

"நான் சொன்னதைத்தான் வரைஞ்ச. ஒவ்வொண்ணும் நான் சொன்னதுதான். ஆனா இது யாரு? ரோட்டுல எதிர்ல வந்தா நின்னு பேசமாட்டேன். இந்த மாதிரி ஒருத்தன் எங்கயும் இல்லண்ணே." அவள் அடெல்மோ பக்கம் திரும்பினாள். "எம்புள்ள எங்க? நானே தொலைச்சுட்டேனா?"

"தொலைக்கல" என்றான் அடெல்மோ. "அடியில இருக்கான். மொத நாளே நல்லா கனமாப் பூட்டி வெச்சேன்."

"எடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா எடுத்தா மேல இருக்கறதெல்லாம் போயிரும். திரும்ப வராது."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அடெல்மோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். இருப்பதிலேயே நைசான வாட்டர் பேப்பரை ஊற வைத்தான். ஸ்பாஞ்சில் தண்ணீர் விட ஒரு கை வேண்டும். நான் எழுவதற்குள் ஃபெர்மின் வந்து ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டான். ஒருவன் தேய்த்தான், ஒருவன் தண்ணீர் விட்டான். செனைடா தலைமாட்டில் நின்றாள்.

கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு முதலில் போயிற்று. பால் மாதிரி வெளுத்த தண்ணீர் வழிந்து, அதில் பழுப்பு கலந்து, வாளியில் விழுந்தது. தாடை ஒடுங்கியது. தாடி மெல்ல மெல்லப் புகையாகிக் கரைந்தது. அடெல்மோ ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தான். கொஞ்சம் கை கனத்தால் அடியில் இருப்பவனும் போய்விடுவான். மாமா மாதிரி தொங்கிய மீசை போனபோது செனைடா "ம்" என்றாள், அவ்வளவுதான்.

வாயோரத்துச் சுளிப்பு வந்தது. சிரிக்கப் போகிறவன் அடக்கிக்கொள்வது மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, என் கடை ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கிரீச்சென்று ஒரு சத்தம். அடெல்மோ கையை உதறினான். நெற்றியில் புதைந்திருந்த மண் துகள் ஒன்று பெயர்ந்து பேப்பருக்கு அடியில் உருண்டு, கீழேயிருந்த முதல் முகம் வரை கீறிவிட்டது. இடது புருவத்துக்கு மேலே சிறிய வெள்ளைக் கோடு.

நான் அவனைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அவன் முகம் அப்படி வெளுத்ததில்லை. "நான் அன்னிக்கே எடுத்திருக்கணும்" என்றான். "எடுத்திருக்கணும். இரும்மா, தொட்டா சரியாயிரும். ஒரே தொடு." ஏர்பிரஷ்ஷைத் தேடி மேஜையைத் துழாவினான்.

"வேணாண்ணே."

"ஒண்ணுமே தெரியாது செனைடா, நான் சரி பண்ணிர்றேன்."

"வேணாம். நான் போட்ட சிலுவை அது. அவன் நெத்தியிலயே இருக்கட்டும்." அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. இத்தனை வருஷத்தில் அவளும் எதைத் தொடக்கூடாது என்று படித்துவிட்டாள். "போதும். மூடிரு."

அடெல்மோ காயவிட்டுத் துடைத்தான், ஓரத்துக்குப் புதிதாக டேப் ஒட்டினான். நிஜக் கிளியரைக் கலக்கினான். முதல் பூச்சுக்கு முன்னால் எப்போதும் போல ஒரு நொடி நின்றான். பார்த்தது டேப்பை அல்ல, அவளை.

"அடிக்கட்டுமா?"

"அடி."

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். இன்னும் காற்று கிளம்பவில்லை. மலை உச்சியில் பனி சிவந்திருந்தது. நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம், ஃபெர்மின் கையில் அந்த வாளி. சாக்கடையில் ஊற்ற அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. உள்ளே கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. பிறகு ஸ்பிரே கன்னின் சீறல், நிதானமாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. ஓய்ந்தது. டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். மறுபடி சீறல்.

செனைடா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபெர்மின்" என்றாள். "இது முடிஞ்சதும் சாமியாரைப் போய்ப் பார்க்கணும். லியாண்ட்ரோ பேருக்கு ஒரு பூசை சொல்லணும். செத்தவங்களுக்குச் சொல்ற பூசை."

இத்தனை வருஷமாக அவனும் சாதித்தது இதைத்தான். தலையாட்டுவான் என்று நினைத்தேன். அவன் அவளையே பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். அப்புறம் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப..." என்றான். வாய் கோணியது. "அப்ப நெஜமாவே இல்லையா அவன்?"

செனைடா அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உள்ளே அடெல்மோ கடைசிப் பூச்சை அடித்துக்கொண்டிருந்தான்.